வரி திரும்பும் இடம்

நான் எழுதிய செயலியை இதுவரை இறக்கியவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதில் ஒருவர் பொலிக்ரோனிஸ்,
பிரேயஸுக்கும் இராக்லியோனுக்கும் நடுவே ஓடும் இரவுக் கப்பலில்
லாரிகளைச் சங்கிலியால் பூட்டுகிறவர்.

செயலி செய்வது சின்ன வேலை.
முதல் வரி இடமிருந்து வலம்.
அடுத்தது, முடிந்த இடத்திலேயே திரும்பி, வலமிருந்து இடம்.
பார்வை வெறுங்கையோடு திரும்பி வர வேண்டியதில்லை.
எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிடுவேன்.
ஆல்ஃபாவுக்குக் கவலை இல்லை,
கூடாரத்துக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.
எப்சிலானுக்குத்தான் பல்லெல்லாம் ஒரே பக்கம்.
காற்புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பது
எனக்கு இன்னும் சந்தேகம்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வரி தவறும்.
முனையிலிருந்து தாவும் கண்
படித்த வரியிலேயே மறுபடி விழும்,
இல்லையென்றால் ஒன்றைத் தாண்டிப் போய் விழும்.
"திருப்பிப்போட்ட வரி கஷ்டமாக இல்லையா?"
சிரித்தார்.
"லாரியைப் பின்பக்கமாகத்தான் ஏற்றுவோம், எரஸ்மியா.
விடிந்ததும் முகம் காட்டி இறங்கிப் போகும்."

மார்ச்சில் ஒரு கடிதத்தை அதில் ஏற்றியிருக்கிறார்.
செயலி என்னிடம் எதையும் சொல்லாது.
துறைமுகக் காப்பிக் கடையில் அவர்தான் சொன்னார்:
வழக்கறிஞர் அனுப்பியது, ஐந்து பக்கம்,
மனைவி விவாகரத்து கேட்கிறாள்.
காகிதத்தில் மூன்று முறை படித்திருந்தார்.
மூன்று முறையும் ஏதோ ஒரு வரி நழுவியது.
நழுவிய அந்த வரியில்
அவள் மனம் மாறியிருப்பாள் என்று
கப்பல் போக, வர, போக, வர
நம்பிக்கொண்டிருந்தார்.

"உன் செயலியில் ஒரு வரிகூடத் தப்பவில்லை."
அது நன்றியா, குறையா?
கோப்பையைத் தட்டில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

இங்கிருந்து ஒரு மணி நேரம் தெற்கே, கோர்த்தினாவில்,
சட்டம் வெட்டிய பழைய சுவர் இருக்கிறது.
வரிகள் போய்த் திரும்பும், போய்த் திரும்பும்.
எனக்கு யோசனை வந்ததே அதன் முன்னால் நின்றபோதுதான்.
பிரிந்து போகிறவளுக்கு என்னென்ன என்றும் அதில் உண்டு:
அவள் கொண்டுவந்தது அவளுக்கு,
நெய்ததில் பாதி.
அன்று நான் பார்த்தது
வரிகள் ஓடிய திசையை மட்டும்.

வரியைத் தவறவிட ஒரு பொத்தான் வைக்கலாமா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் கப்பல் ஊதியது.
எழுந்து நின்று, தொப்பியைத் தேடி,
அது தலையிலேயே இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு,
"படிக்க மட்டும்தானா இது?" என்றார்,
"பதில் எழுதவும் வருமா?"

இன்னும் இல்லை என்றேன்.

கீழே ஒரு லாரி
பின்பக்கமாக ஏறத் தொடங்கியிருந்தது.
அவர் கையை உயர்த்தி
வா, வா, இன்னும் கொஞ்சம் என்று
அழைத்துக்கொண்டே போனார்.