மீட்டர் பெட்டியின் மேல்

புளியரை செக்போஸ்டுக்கு அரை மைல் இப்பால்
ஒரு தனியார் எடைமேடை.
பறவைக் காய்ச்சல் வாரம்.
கோழி லாரிகளின் டயருக்கு மருந்தடிக்கிறார்கள்,
டிரைவரின் செருப்பை மட்டும் விட்டுவிட்டு.

எனக்கு விருந்தாளிக் கணக்கு.
பார்க்கலாம், தொடக் கூடாது.
உடைத்துக் காட்டத்தான் கூலி.

உள்ளே போனதும் கேட்டேன்: நான் யார்?
யாருமில்லை என்றது திரை.
நிஜமாகவே அப்படியொரு பயனர் உண்டு அங்கே,
சம்பளப் பட்டியலில் சேராத ஆள் மாதிரி.

எடை போடும் மென்பொருள் ஓடுவது ஒரு கன்டெய்னருக்குள்.
உலகம் இவ்வளவுதான் என்று அதற்கு நினைப்பு.
வெளியே மேடையில் ஏறி நிற்கும் கன்டெய்னரோ
தூத்துக்குடியிலிருந்து வருகிறது, கதவில் ஈயச் சீல்.
எது எதற்கு உவமை என்று யோசிக்க
நேரமில்லை.

புனலூர் ரெஜிமோன் சுவரில் ஒரு சாக்கெட்டை விட்டிருந்தான்.
ரீஸ்டார்ட் செய்ய மட்டும் மழையில் மலை இறங்கி வந்து அலுத்தவன்.
உள்ளிருந்தே சரிசெய்துகொள்ளட்டும் என்று
யாரும் எழுதலாம் என அனுமதியும் போட்டிருந்தான்.
'யாரும்' என்பதில் யாருமில்லையும் சேர்த்தி.

அந்த வழியாகச் சொன்னேன்:
இன்னொரு பெட்டி கட்டு, அதற்குள் இந்த வீட்டையே வை.
வைத்தது,
பத்தாயத்துக்குள் வீட்டை வைத்த மாதிரி.

மறுபடி, நான் யார்?
ரூட்.

நாற்பத்திரண்டு டன்னை இருபத்தெட்டாக்கலாம்.
போன மாதம் மலை தாண்டிய கல்லையெல்லாம்
போகவேயில்லை என்று ஆக்கலாம்.
நான் ஆண்ட சாம்ராஜ்யம்
மேஜைக்கடியில் இருந்தது, விசிறியில் கோழி இறகோடு.
'வந்திருந்தேன்' என்று ஒரு கோப்பு வைத்துவிட்டு
வெளியேறினேன்.

மணி மூன்று. கழிவறை பூட்டியிருந்தது.
சாவி சூப்பர்வைசரிடம்.
சூப்பர்வைசர் ஆரியங்காவில், மச்சினன் கல்யாணத்தில்.
மைதீன் பிச்சை வேறெங்கோ பார்த்தபடி சொன்னான்:
"மீட்டர் பெட்டி மேல ஒண்ணு கிடக்குக்கா.
வண்டியில பொம்பளையாளு வந்தா தவிச்சுப் போறாங்க.
நான்தான் டூப்ளிகேட் போட்டு வச்சேன்.
அவருக்குத் தெரியாது."

கை துடைத்து அறிக்கைக்கு உட்கார்ந்தேன்.
சாக்கெட்: மிக அபாயம். உடனே மூடவும்.
வசதிக்காக விட்ட வழியில்தான் திருடன் வருவான்
என்று அடுத்த வரி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து
அதை அழித்தேன்.

கிளம்பும்போது சாவியை
தூசியில் அது விட்டிருந்த
சாவி வடிவத் தடத்திலேயே
திருப்பி வைத்தேன்.