குட்டைகள்

எரேடியாவில் அக்டோபர். இரண்டடித்தால் மழை.
பார்வா மலை நின்ற இடத்தில் வெறும் வெள்ளை.

யோர்லெனி சூம்பாடோ நான்காம் தடவை எண்ணுகிறாள்.
சரபிக்கீயில் வாய் வெந்து நின்ற பசுவின்
கொப்புளத்திலிருந்து எடுத்த ஒரே வைரஸ், ஒரே குப்பி.
பாதியை மனித செல்களுக்கு ஊற்றினாள்,
பாதியை வெள்ளெலிச் சிறுநீரக செல்களுக்கு.

மனிதத் தட்டில் எல்லாம் முறைப்படி:
வட்டம் வட்டமாய்ச் சாவு.
வெள்ளெலித் தட்டில் நாலாம் போகத்தோடு
விளைச்சல் படுத்துவிட்டது.

கழுவியது சரியில்லை, என்றார் டாக்டர் உமான்யா.
கழுவினாள்.
திரவம் பழசு, என்றார்.
மாற்றினாள்.
எலியேசர் இன்குபேட்டரை இரண்டு தட்டு தட்டிவிட்டு
காப்பி குடிக்கப் போனான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பச்சைத் திரையில்
துப்பாக்கித் தோட்டாவாய் நெட்டையாகச் சில.
அவற்றைச் சுற்றி, அடி அறுந்த தோட்டாக்கள்,
கட்டைவிரல் கட்டைவிரலாய்,
எண்ண எண்ணத் தீராமல்.
தனியே பெருக வக்கில்லாதவை.
முழுசாய்ப் பிறந்தவன் உலை வைத்தால்
முதல் பந்தியில் உட்கார்ந்துகொள்ளும்;
அவன் கை கழுவி வருவதற்குள்
சட்டியில் பருக்கை இராது.

படிக்க வருமுன் இரண்டு வருஷம் அவள்
நீதிமன்றத்துக்கு எதிரே நகல் கடையில் நின்றவள்.
ஈரக்காலத்தில் அந்த எந்திரம்
இரண்டு மூன்று தாளை ஒட்டி விழுங்கும்.
பத்திரத்தின் தலைப்பு வரும், கடைசிக் கையெழுத்து வரும்,
நடுவிலிருந்த நிலம் வராது.
அதே பத்திரம்
தெரு தாண்டி ஒத்திலியா அம்மாள் கடையில்
நிலத்தோடு வரும்.
என் பத்திரத்துக்கு என்ன கேடு என்று
ஒரு வக்கீல் மேசையைக் குத்தினார்.

பத்திரத்துக்கு ஒன்றுமில்லை, ஐயா.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டது
இன்றைக்கு வாயில் வந்தது.
மனிதத் தட்டில் பழுதின்றி விளைந்ததை அள்ளி
வெள்ளெலித் தட்டில் விட்டாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு போகம்.
குட்டைகள்.

ஓம்புயிர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
யாரை ஓம்புவது, எவ்வளவு நீளத்துக்கு ஓம்புவது
என்று அதைக் கேட்டவர் யார்?

இன்னொன்றும் கண்டாள், யாரிடமும் சொல்லவில்லை:
குட்டைகள் மலிந்த தட்டின் ஓரத்தில்
செத்திருக்க வேண்டிய செல்கள் கொஞ்சம்
தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தன,
வெள்ளத்துக்கு மறுநாள் வேலிக்கால்கள் மாதிரி.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'வீடு' என்று எழுதிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.
காலையில் பார்த்தால் டாக்டர் அதை அடித்து
'செல்' என்று திருத்தியிருந்தார்,
சிவப்பு மையில்,
கையெழுத்தோடு.