ஒன்றுக்கு நாற்பது சொல்

வடக்குவெளி வீதித் தபாலாபீசில்
சுங்கத்துக்கு நானூற்றுப் பத்து ரூபாய் அழுதுவிட்டு
மூன்று புது இசைத்தட்டுகளை
வயிற்றோடு அணைத்தபடி
ஷேர் ஆட்டோவில் வந்தேன்.
ஒன்றுக்கு நாற்பது சொல்,
திங்களுக்குள் மதிப்புரை வேண்டுமாம்.

முதலாவது நாகஸ்வரம். தோடி.
அத்தனை சுத்தமான பதிவு.
வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்கினார் என்று
தேடித் தேடிக் கேட்டேன்.
துடைத்துவிட்டிருக்கிறார்கள்.
'மாசில்லை' என்று எழுதினேன், அடித்தேன்,
மறுபடி அதையே எழுதினேன்.

இரண்டாவது ஜாஸ்.
நாலாவது நிமிடத்தில் பியானோக்காரி
ஒரு கட்டையைத் தவறாகத் தொடுகிறாள்.
தொட்டவள் நகரவில்லை.
அதையே திரும்ப, திரும்ப,
ஆறாவது முறை அது தவறாக இல்லை.
கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் சௌந்தரவள்ளி
அண்ணாந்து பார்த்து
"கேசட்டு சிக்கிக்கிச்சா சார்?" என்றாள்.
என் நாற்பதில் மூன்று சொல்லை
அவளுக்குக் கொடுத்தேன்.

மூன்றாவது ப்ளூஸ்.
ஊசியை வைத்ததும் கரண்ட் போனது.
ஆரப்பாளையம் முழுக்க இருட்டு, கொசு,
யாரோ இன்வெர்ட்டர்காரனைத் திட்டும் சத்தம்.
ஒன்பதரைக்கு வந்தது.
ஒரு கிடார். ஒரு குரல்.
தண்ணீர் லாரி வராதென்று தெரிந்தும்
குடத்தோடு நிற்கிறவர் மாதிரி பாடுகிறார்.
இரண்டாம் பாட்டு முடிந்ததும் இருமுகிறார்.
அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
கீழே கரியை அணைத்துக்கொண்டிருந்த சௌந்தரவள்ளியும்
இருமினாள்.
அதே சுருதி என்று சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் தள்ளி.

திங்கட்கிழமை மூன்றையும் அனுப்பிவிட்டேன்.
மூன்றாவதில்
பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.