சேதாரம்

ஆடி மாசத்துப் பவானி செங்காவியாய்ப் போகிறது.
இக்கரையில் நானூறு பொதிமாடு.
பரிசல் இருபத்திரண்டு, அதில் ஐந்து ஒழுகல்.
அரிசி நனையாமல் மூட ஈச்சம்பாய் கேட்டிருந்தேன்;
வெடிமருந்துக்கே போதவில்லையாம்.

துரை வரைபடத்தில் விரல் வைத்தார்:
சத்தியமங்கலம், கஜலட்டிக் கணவாய், அதற்கு மேலே மைசூர்.
விரல் போய்ச் சேர ஒரு மூச்சு பிடித்தது.

நான் கணக்கன்.
மாடொன்று சுமப்பது அறுபது படி.
நாளொன்றுக்கு அது தின்னும் கொள்ளு இரண்டு படி,
ஓட்டுகிறவன் பங்கு அரைப்படி,
இருபத்து நான்காம் நாள் மூட்டை காலி.
பட்டாளம் இன்னும் வாயே திறக்கவில்லை.

லாடம் கட்ட சிக்கந்தர் ராவுத்தர் வந்தார்.
மாட்டுக்கு எட்டு லாடம், லாடத்துக்கு மூன்று ஆணி.
முணுமுணுத்துப் பெருக்கியவர்
பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு கை நிறைய.
"பீரங்கி பதினாறு இருக்குதுங்க. ஆணிதானுங்க இல்லை."
துபாசி முன்பாதியை மட்டும் துரைக்குச் சொன்னான்.

தானியம் தேடி அந்தியூர்ப் பக்கம் போனோம்.
நாச்சக்காள் கையை விரித்தாள்: "ஒரு மணி இல்லீங்க."
ஆட்டுப்பட்டியைப் புதிதாய் இடம் மாற்றியிருந்தாள்.
புழுக்கைக்கு அடியில் மண் நெகுநெகுவென்று இருந்தது,
நேற்று மூடிய குழியைப் போல.
ஓலையில் "இல்லை" என்று எழுதினேன்.
அன்று எனக்குக் கை வலி, அதிகம் எழுத முடியவில்லை.

மேலே சண்டையே நடக்கவில்லை என்றார்கள்
இறங்கி வந்தவர்கள்.
எதிரிக் குதிரைகள் வந்தனவாம்,
புல்லுக்குத் தீ வைத்தனவாம், போயினவாம்.
காங்கயத்துக் கொறங்காட்டில்
கொழுக்கட்டைப்புல் மேய்ந்து வளர்ந்த மாடுகள்
மூங்கில் இலையை மோந்து பார்த்துவிட்டு
தலையைத் திருப்பிக்கொண்டன.
குளம்பு பிளந்து படுத்தவை எழவில்லை.
படுத்ததைப் பட்டாளம் தின்றது.

திரும்பியவை பதினொன்று.
ஆறு கொண்டது முப்பத்தொரு மூட்டை,
முளைத்துப் போனது ஒன்பது.
எல்லாவற்றையும் சேதாரத்தில் எழுதினேன்.
ஓட்டப் போன பொங்கியண்ணன்
எந்தப் பத்தியில் வருவானென்று கேட்டேன்.
துபாசி கொட்டாவி விட்டான்.

ஐப்பசியில் சேலத்திலிருந்து ஆணி வந்தது.
மூட்டையைப் பிரித்து, கிடங்குத் தரையில் கொட்டி,
ராவுத்தரும் நானும் ராத்திரி முழுக்க எண்ணினோம்.
ஒன்பதாயிரத்து அறுநூறு.
ஒன்றுகூடக் குறையவில்லை.