நாற்பத்தொரு பைகள்

யாழ்ப்பாணம் ஸ்டேசனில், இரண்டாம் மேடைக்குப் பின்னால்,
தவறிய பொருட்களின் அறை. திறப்பு என்னிடம்.
காலையில் எண்ணினேன்: நாற்பத்தொரு பைகள்.

"என்ர பை இஞ்ச இருக்கும், இல்லாட்டி இருக்காது"
என்று தொடங்கினார் சட்டம் படித்த ஒருவர்.
உண்மை. எந்தக் கோட்டிலும் நிற்கும்.
ராக்கையில் ஒரு பைகூட அசையவில்லை.

"கறுப்பு" என்றாள் கோண்டாவில் பெட்டை.
பதினைந்து பைகள் ஒதுங்கிக்கொண்டன.
"சிப் பழுது."
மூன்று மிஞ்சின.
"உள்ளுக்கை கன்வஸ் சப்பாத்து. இடதில மட்டும் லேஸ் இல்லை."
லேஸ் இல்லாத ஆறு சோடித் துளைகள்
கறுப்பு என்ற முழு நிறத்தையும்விடக் கூடச் சொல்லின.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

மத்தியானம், வெயில் தண்டவாளத்தில் கிடந்தபோது,
பாசையூர் மரியநேசம் வந்தார்.
இரவு முழுக்க நினைத்து நினைத்து
இரண்டு பக்கமும் எழுதிய கொப்பித்தாள்.

நீலம். கைபிடியில் சிவப்பு நூல்.
பக்கப்பையில் செபமாலை, ஒரு மணி வெடித்தது.
அடியில் தார்ப்பொட்டு.
வவுனியாவில் தேத்தண்ணி குடித்த பில்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பைகளை இறக்கினேன்.
தாளின் முதல் பக்கம் முடிய முன்னமே
ராக்கை வெறுமை.
அவர் மற்றப் பக்கத்தையும் வாசித்தார்.
தடுக்கவில்லை.
இல்லாத பைக்கு எதைச் சொன்னாலும் பொருந்தும்தானே.

தாளை மடித்தார்.
"நூல் சிவப்போ எண்டு சரியா ஞாபகமில்லை."
ஒன்றும் திரும்பவில்லை.
"செபமாலையை வீட்டை வைச்சிட்டு வந்திருப்பன்."
இல்லை.
"தார் அழிஞ்சிருக்கும். பில்லையும் எறிஞ்சிருப்பன்."
இரண்டு பைகள் ஏறிக் குந்தின.
"நீலம் எண்டனான், என்ன? பச்சையாயும் இருக்கலாம்."
இன்னும் ஐந்து.
அவர் முகத்தில் ஏழு பைகளின் வெளிச்சம்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரு மனிதர் தனக்குத் தெரிந்ததையெல்லாம்
ஒவ்வொன்றாய்க் கழற்றி வைப்பதை.
கடைசியில் "பை" மட்டும் மிஞ்சியது.
நாற்பதும் அவருடையதாய் இருக்கலாம்.
ஒன்றையும் தூக்க முடியாது.

பதிவேட்டில் பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன்.
"விபரம்" என்ற கட்டத்தில் பேனை நின்றது.

"இரவுக் கோச்சியிலை
வந்தா வரும் அண்ணை, வராட்டி வராது.
நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

ஒன்றுமே சொல்லாத அந்த வசனத்தை
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.