மூன்றாம் உலை

ஆயிரத்து அறுநூறு டிகிரி.
பிரசங்கத்தில் இந்த எண்ணைச் சொல்வேன்.
"நான் வேலை செய்யும் இடத்தின் சூடு இது,
அங்கே இதைப்போல் ஏழு மடங்கு."
முன்வரிசையில் ஹால்டிஸின் மகன்
விரல்களை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்வான்.
ஓர்விக் ஜெபவீட்டில்
முப்பத்தோரு வருடம்.
ஆலைக்காரன் சொன்னால்
நெருப்பைப் பற்றி யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஸ்டெய்னார் பேசுவான்.
என் ஷிப்டு ஆள்.
குவார்ட்ஸும் கரியும் கொட்டிக்கொண்டே கேட்பான்:
"உன் ஆண்டவருக்கு இவ்வளவு மின்சாரம் ஏது, ஓட்வார்?
பில் யார் கட்டுவது?"
நான் சிரித்ததில்லை.
ஜெபப் பட்டியலில் அவன் பெயர் உண்டு, பென்சிலில்.
ஆனால் அங்கே எரியும்போது
இந்தக் கேள்வியை நினைத்துக்கொள்வான் என்று
நாக்கின் அடியில்
ஒரு சின்ன இனிப்பு இருந்தது.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி.
ஃபியோர்டின் மேல் இருட்டு விலகாத காலை எட்டு மணி.
வடிவாயில் எங்கோ ஈரம் இருந்திருக்கிறது.
உலை உமிழ்ந்தது.
ஸ்டெய்னாரின் இடது கை
சட்டையோடு பற்றிக்கொண்டது.
ஒரு சத்தம் கேட்டேன்.
பற்கடிப்பு, பற்கடிப்பு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்,
அந்தச் சொல்லுக்குள்
இந்தச் சத்தம் இல்லவே இல்லை.

மனந்திரும்பினாயா என்று நான் கேட்கவில்லை.
சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தேன்.
அவன்மேல் விழுந்தேன்.
போர்வை, தண்ணீர், மறுபடி தண்ணீர்,
"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, இதோ" என்று
என் வாய் தானாக உளறிக்கொண்டிருந்தது.

பதினொரு நொடி.
காமிராவைப் பார்த்து எண்ணிச் சொன்னார்கள்.
பதினொரு நொடி என்னால் பொறுக்க முடியவில்லை.
என்னால்.
கோபக்காரன், கஞ்சன்,
ஒரு வேலிக்கம்புக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு
ஒன்பது வருடமாகப் பேசாதவன்.

உலை குளிர்ந்துகிடந்த மூன்று வாரமும்
எனக்குத் தூக்கமில்லை.
எரிப்பதற்காகவே எரிக்கிற உலையை
நான் எங்கும் பார்த்ததில்லை.
கல்லுக்குள் இருப்பதை வேண்டித்தான் எரிக்கிறோம்.
அது வடிந்ததும் வாயை அடைக்கிறோம்.
கசடைக்கூட எறிவதில்லை,
நகராட்சி வாங்கிப்போய்ச் சாலை போடுகிறது.
புடமிடுகிறவர் என்று அவரைப் பாடிவிட்டு
வடிவாய் இல்லாத உலை ஒன்றை
அவர் தலையில் கட்டியது யார்?
ஹால்டிஸின் மகனுக்குத் தெரியும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன்
என் முறை வந்தது.
நாக்கு நனைய ஒரு துளி கேட்ட
பணக்காரனின் பகுதி.
வாசித்துக்கொண்டே வந்து
துளியில் நின்றுவிட்டேன்.
"நான் ஊற்றினேன்" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.
பின்னறையில் காப்பி கொதிக்கும் சத்தம்.
யாரோ இருமினார்கள்.

செவ்வாய்க்கிழமை
தலைவர் இங்கெப்ரிக்ட் சாவி வாங்க வந்தார்.
கண்ணியமான மனிதர்,
காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
சாவியைக் கொடுத்தேன். போகவில்லை.
"என் மகளைக் குடித்துவிட்டு வண்டியேற்றிக் கொன்றவன்,
அவனும் ஒருநாள் வெளியே வருவானா?"
வாயில் வசனங்கள் வந்தன. விழுங்கினேன்.
தெரியாது என்றேன்.
அவர் போய்விட்டார்.
கேள்வி போகவில்லை,
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.
நான் சாப்பிடும்போது பார்க்கிறது.

பண்டிகை விடுமுறையில் பெர்கன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
தொடையிலிருந்து தோல் எடுத்து
கையில் ஒட்டியிருக்கிறார்கள்.
"பட்டியலில் இன்னும் இருக்கிறேனா?" என்றான்.
"இருக்கிறாய்."
"பில்?"
இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்தது,
கூடவே வேறு ஏதோவும் வந்தது,
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேசையில் ஆரஞ்சு இருந்தது.
ஒரு கையால் உரிக்க அவனுக்கு வராது.
உரித்து, நார் எடுத்து,
ஒரு சுளையை வாயில் வைத்தேன்.
சாறு தாடையில் வழிந்தது.
"துடை" என்றான் அந்த நாத்திகன்,
அதிகாரமாக.