இரண்டு புள்ளி

வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைத் தரவேண்டும்.
ஜெர்மன் இரண்டா, மூன்றா.
இரண்டு கட்டங்கள், ஒரு பென்சில்.

பழைய பள்ளியில் பதினோராம் பாடத்தில் நின்றோம்.
டுலூத்தில் இரண்டாம் நிலைக்காரர்கள் ஏழில்,
மூன்றாம் நிலைக்காரர்கள் பதினெட்டில்.
நடுவில் எனக்கு வரவேண்டிய பாடங்கள்
பெமிஜியிலிருந்து வந்த லாரியில்
பெட்டிகளுக்கு இடையே எங்கோ விழுந்திருக்கும்.

"ரெண்டிலும் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்,"
என்றார் ஆலோசகர் பெல்லாஞ்சர்,
செருப்புக்கடைக்காரர் மாதிரி.

இரண்டாம் நிலையில்
ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள்.
தெரியும். ஒன்பது இருபதுக்கு.
ஆப்பிள் என்ன விலை? அதுவும் தெரியும்.
டோபின் என் தாளைப் பார்த்து எழுதுகிறான்,
நான் ஏரியைப் பார்க்கிறேன்.
இரும்புத்தாதுக் கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைந்து
வெளியே வருவதற்குள்
மூன்று பயிற்சி முடிந்துவிடுகிறது.
நூற்றுக்கு நூறு.
ஃப்ரிட்ஜில் ஒட்டலாம்தான்,
காந்தங்களை அம்மா வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நிலையில்
திருமதி ஹால்வர்சன் ஜெர்மனைத் தவிர எதுவும் பேசுவதில்லை.
வினைச்சொல் வாக்கியத்தின் வாலில் வரும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
வந்தது எதுவென்று புரிவதற்குள்
அடுத்தது கிளம்பிவிடுகிறது.
எல்லாரும் சிரித்தார்கள்.
அரை நொடி தள்ளி நானும்.

வியாழக்கிழமை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்:
நடக்காததைப் பற்றி ஒரு வாக்கியம்.
மழை பெய்திருந்தால்.
பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால்.
நாய்க்குப் பேச்சு வந்திருந்தால், என்றாள் ஒருத்தி.

என் முறை.
என்னிடம் இருந்தது இறந்தகாலம் மட்டும்.
அதையே திருப்பிப் போட்டேன்:
அவர்கள் சண்டை போடவில்லை.
நாங்கள் இங்கே வரவில்லை.
காந்தங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை.
கடைசி வாக்கியத்தைப் பலகையில் எழுதி
ஓர் எழுத்தின் தலையில் மட்டும்
இரண்டு புள்ளி வைத்தார் ஹால்வர்சன்.
அவ்வளவுதான்.
இருந்தன
இருந்திருக்கும் ஆனது.

அந்தச் சாக்பீஸ் சத்தம்
மத்தியானம் சாப்பிடும்போதும் கேட்டது.

மூன்றில் டிக் அடித்தேன், அழித்தேன்,
தாள் கிழியும் அளவுக்கு மறுபடி அடித்தேன்.
"கஷ்டமாயிருக்குமா?" என்றார் அப்பா.
பேனா எழுதவில்லை,
பீட்சா அட்டையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

முதல் தேர்வில் நாற்பத்தொன்று.
ஒன்றும் சொல்லாமல் பெட்டி பெட்டியாகத் திறந்து
டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்,
ஃப்ரிட்ஜில் ஒட்ட.